சத்தமில்லாத காரும் வெள்ளைக் கோலும்

போன குளிர்காலத்தில் தஞ்சாவூரிலிருந்து மாமா வந்து தில்லியில் எங்களோடு ஒரு மாதம் இருந்தார். கிளாகோமாவில் பார்வை போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆனால் மனிதர் யாரையும் துணைக்குக் கூப்பிடுகிற ரகம் இல்லை. ஊரில் கையில் கோலோடு தனியாகவே கடைத்தெரு வரை போய் வருவார். இங்கே வந்த மூன்றாம் நாளே, மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி கேட்டிலிருந்து எதிர்ச்சாரியில் உள்ள மதர் டெய்ரி பூத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி வைத்துக்கொண்டுவிட்டார்.

அன்று காலை நானும் கூடப் போனேன். தெருவைத் தாண்டும் இடத்தில் நின்றார். தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். ஒன்றும் வரவில்லை என்று காலை எடுத்து வைத்தார். நான் சட்டென்று தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் கோல் நுனிக்கு இரண்டடி முன்னால் மின்சாரக் கார் ஒன்று வழுக்கிக்கொண்டு போனது.

"என்னடா, ஏதோ போச்சே? காத்துதான் பட்டுது. சத்தத்தைக் காணோமே?"

"கார் மாமா. பேட்டரி கார்."

மாமா அதற்கப்புறம் வீடு வரை பேசவில்லை. காபி குடிக்கும்போதுதான் சொன்னார்: "ஒரு நிமிஷம், காதும் போயிடுச்சோன்னு நினைச்சுட்டேன்டா."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. இந்தப் பிரச்சினை நமக்குத்தான் புதுசு. அமெரிக்காவில் பார்வையற்றவர்கள் இதற்காக ஏறத்தாழ இருபது வருடம் முட்டி மோதிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பின்னால் போய், மாமா கையில் இருக்கும் அந்த வெள்ளைக் கோலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பார்வை இல்லாதவர் கோல் ஊன்றி நடப்பது ஆதி காலத்திலிருந்தே உண்டு. அது வெள்ளையானது மட்டும் காரால் வந்தது. 1921-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரருக்கு ஒரு விபத்தில் பார்வை போயிற்று. வீட்டைச் சுற்றி மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். ஓட்டுகிறவன் கண்ணில் படட்டும் என்று தன் கைத்தடிக்கு வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டார். 1930-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊர். லயன்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் போன்ஹாம், பார்வையற்ற ஒருவர் கறுப்புத் தடியோடு தெருவைத் தாண்ட முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். கறுப்பு ரோட்டில் கறுப்புத் தடி யாருக்குத் தெரியும்? வெள்ளை அடித்துச் சிவப்புப் பட்டை போடலாம் என்றார். அந்த வருடக் கடைசியிலேயே அந்த நகராட்சி, வெள்ளைக் கோல் வைத்திருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று விதி போட்டது.

பார்வை இல்லாதவருக்கு வெள்ளை என்ன, கறுப்பு என்ன? அந்த நிறம் முழுக்க முழுக்க ஓட்டுநரின் கண்ணுக்காக. கார் வந்ததும் மாற வேண்டியிருந்தது நடப்பவர்தான். "நான் இங்கே இருக்கிறேன்" என்று காட்டிக்கொள்ளும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது.

கோல் நடப்பவருக்கே உபயோகமான கருவியானது இரண்டாம் உலகப் போரின்போது. கண் இழந்து திரும்பிய போர்வீரர்கள் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் குவிந்தார்கள். அங்கே 1944-ல் ரிச்சர்ட் ஹூவர் நீண்ட, லேசான கோல் ஒன்றைக் கொடுத்தார். ஊன்றுவதற்கு அல்ல, இடமும் வலமுமாக வீசி, அடுத்த அடி விழப்போகும் இடத்தை முன்கூட்டித் தொட்டுப் பார்ப்பதற்கு. பிற்பாடு இதைக் கற்றுக்கொடுப்பதே ஒரு தொழிலாகி, கல்லூரிப் படிப்பாகவும் ஆனது.

ஆனால் கோல் சொல்லுவது ஓரிரண்டு அடி தூரம்தான். அதற்கப்பால் எல்லாமே காது. சிக்னல் உள்ள நாற்சந்தியை எப்படித் தாண்டக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிற்பவருக்கு இரண்டு வகை ஓட்டம் கேட்கும். ஒன்று, அவருக்கு முன்னால் குறுக்கே ஓடுவது. இன்னொன்று, அவருக்குப் பக்கவாட்டில், அவர் போக வேண்டிய திசையிலேயே ஓடுவது. குறுக்கே ஓடும் வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் தணிந்து நின்று உறுமிக்கொண்டிருக்கும். பிறகு பக்கத்தில் நின்றிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் 'உர்ர்' என்று கிளம்பும். அந்தக் கிளம்பும் சத்தம்தான் அவருக்குப் பச்சை விளக்கு. அதற்கப்புறமும் அந்த ஓட்டத்தின் சத்தத்தைத் தோளுக்கு இணையாக வைத்துக்கொண்டு நடந்தால், கோணாமல் நேராக எதிர்க்கரை சேரலாம். வீட்டு வாசலிலிருந்து பின்னால் வரும் காரை அதன் ஸ்டார்ட் ஆகும் சத்தமே காட்டிக்கொடுக்கும். பார்க்கிங்கில் எந்த வண்டி உயிரோடு இருக்கிறது, எது சும்மா நிற்கிறது என்பதும் அப்படியே.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஏற்பாட்டை யாரும் அவர்களுக்காகச் செய்துகொடுக்கவில்லை. என்ஜினுக்குள் பெட்ரோல் வெடிப்பதால் வரும் வேண்டாத இரைச்சல் அது. மற்றவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டிருந்த சத்தத்தை வைத்து, தனியாக வெளியே போய்வரும் சுதந்திரத்தையே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அஸ்திவாரம் 1997 டிசம்பரில் ஆட ஆரம்பித்தது. டொயோட்டா ஜப்பானில் ப்ரியஸ் காரை விற்பனைக்கு விட்டது. 2000-ல் அது அமெரிக்காவுக்கும் வந்தது. பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட். சிக்னலில் நின்றால் என்ஜின் அணைந்துவிடும். கிளம்பும்போதும் மெதுவாக ஊரும்போதும் பெரும்பாலும் மோட்டார்தான் இழுக்கும். வேகம் கூடினால் டயர் ரோட்டில் உரசும் சத்தமும் காற்றின் சத்தமும் எந்தக் காருக்கும் உண்டு, அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கீழே. நாற்சந்தி, பார்க்கிங், வீட்டு வாசல் என்று நடப்பவரும் காரும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களில் எல்லாம் வண்டி அந்த வேகத்தில்தான் போகிறது. நின்று உறுமும் சத்தமும் போச்சு, 'உர்ர்' என்று கிளம்புவதும் போச்சு.

மின்சார வண்டியே ப்ரியஸுக்கு நூறு வருடம் முந்தியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1899 செப்டம்பர் 13 அன்று நியூயார்க்கில் ஹென்றி பிளிஸ் என்பவர் டிராமிலிருந்து இறங்கும்போது ஒரு டாக்ஸி மோதி மறுநாள் இறந்தார். அமெரிக்காவில் மோட்டார் வண்டி மோதி இறந்ததாகப் பதிவான முதல் மனிதர் அவர்தான். மோதியது பேட்டரி டாக்ஸி! சத்தமில்லாததால்தான் மோதியது என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குப் பார்வையும் இருந்தது. சில வருடங்களில் பெட்ரோல் கார்கள் ஜெயித்து, தெருவெல்லாம் இரைச்சலாகி, இந்தக் கேள்வி நூறு வருடம் தள்ளிப்போனது.

ப்ரியஸைப் பற்றி முதலில் குரல் எழுப்பியது அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு. இது பார்வையற்றவர்களுக்காக மற்றவர்கள் நடத்தும் தர்ம ஸ்தாபனம் அல்ல, அவர்களே நடத்துவது. 1940-ல் இதை ஆரம்பித்தவர் ஜேகோபஸ் டென்புரூக். சிறு வயதிலேயே பார்வை இழந்து, சட்டம் படித்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1966-ல் அவர் எழுதிய 'உலகில் வாழும் உரிமை' என்ற கட்டுரை சட்ட உலகில் இன்றும் பேசப்படுவது. பார்வையற்றவர் தெருவில் அடிபட்டு வழக்குப் போட்டால், "துணையில்லாமல் ஏன் வெளியே வந்தீர்? உம் கவனக்குறைவுதான்" என்று கோர்ட்டில் வாதம் வரும். டென்புரூக் அதைத் தலைகீழாகத் திருப்பினார். தெரு எல்லோருக்கும் பொது. பார்வையற்றவரும் அதில் வருவார் என்று தெருவைப் பராமரிப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் எதிர்பார்த்தே ஆக வேண்டும். அவர் வெளியே வந்ததே குற்றம் என்று ஆகிவிடக் கூடாது. இந்த வாதத்தில் வளர்ந்த அமைப்பு என்பதால்தான் பின்னால் அவர்கள் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

2000-களின் முதல் பாதியிலேயே தீர்மானம் போட்டு, தனியாகக் குழுவும் அமைத்தார்கள். சிகாகோவைச் சேர்ந்த பார்வையற்ற எழுத்தாளர் டெபோரா கென்ட் ஸ்டெய்ன் அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ப்ரியஸை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேட்டும் பார்த்தார்கள். தங்களைத் தாண்டிப் போனதே தெரியவில்லை.

அப்புறம் வழக்கமான பதில்கள்தான். இப்போதுதான் ஒரு நல்ல அமைதியான, புகை குறைந்த கார் வந்திருக்கிறது, அதையும் சத்தம் போட வைக்க வேண்டுமா என்று ஒரு கூட்டம். ஒலி மாசுக்கு எதிராகப் போராடியவர்களும் எதிர்த்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. கார் சிக்னல் அனுப்பட்டும், பார்வையற்றவர் கையில் அதைப் பிடிக்கும் ஒரு கருவி இருக்கட்டும் என்ற யோசனையும் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவியை யார் வாங்குவது? பேட்டரி தீர்ந்தால்? தெருவில் ஓடும் குழந்தைக்கும், பின்னால் வருவதைப் பார்க்காமல் சைக்கிள் மிதிப்பவனுக்கும் யார் கருவி கொடுப்பது? புதிதாக ஆபத்தைக் கொண்டுவந்தது வண்டி, அதனால் மாற வேண்டியதும் வண்டிதான் என்பதில் உறுதியாக நின்றார்கள். 1921-ல் பிக்ஸ் தன் கோலுக்குத் தானே சாயம் பூசிக்கொண்டார்; இந்த முறை அப்படி இல்லை.

"அதெல்லாம் சரி, எத்தனை பேர் அடிபட்டார்கள், கணக்கு எங்கே?" என்பதுதான் பெரிய கேள்வி. 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் உளவியல் பேராசிரியர் லாரன்ஸ் ரோசன்பிளம் ஒரு சோதனை செய்தார். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு சாதாரணக் காரையும் ஒரு ஹைப்ரிட் காரையும் ஒலிப்பதிவு செய்து, ஹெட்ஃபோனில் போட்டு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டார். பெட்ரோல் காரை 28 அடி தூரத்திலேயே சரியாகச் சொன்னார்கள். ஹைப்ரிட் கார் 7 அடிக்கு வந்த பிறகுதான் சொல்ல முடிந்தது. பின்னணியில் இன்னும் இரண்டு கார்கள் உறுமும் சத்தத்தைச் சேர்த்தால், அது தாண்டிப் போகும்வரை தெரியவே இல்லை. அந்த வேகத்தில் 7 அடி என்றால் ஒரு விநாடிகூட இல்லை.

அடுத்த வருடம் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 12 மாநிலங்களின் விபத்துப் பதிவுகளைப் புரட்டியது. விபத்தில் சிக்கிய 8,387 ஹைப்ரிட் கார்களில் 77, அதாவது 0.9 சதவீதம், பாதசாரி மீது மோதியவை. சாதாரணக் கார்களில் இது 0.6 சதவீதம். திரும்பும்போதும் பின்னால் வரும்போதும் நின்று கிளம்பும்போதும் என்று பிரித்துப் பார்த்தால் ஹைப்ரிட் மோதும் வாய்ப்பு இரண்டு மடங்கு. எண்ணிக்கை சின்னதுதான். 2011-ல் 16 மாநிலங்களின் பெரிய கணக்கை எடுத்தபோதும் பாதசாரிகளுக்கு 35 சதவீதமும் சைக்கிள்காரர்களுக்கு 57 சதவீதமும் அதிகம் என்று வந்தது. இதில் பெரும்பாலோர் பார்வை உள்ளவர்கள்தான். நாமும் காதை நம்பித்தான் தெருவைத் தாண்டுகிறோம், நமக்கு அது தெரிவதில்லை, அவ்வளவே.

இதற்கிடையில் 2008-ல் நியூயார்க் உறுப்பினர் எட் டவுன்ஸும் ஃபுளோரிடா உறுப்பினர் கிளிஃப் ஸ்டெர்ன்ஸும், ஒருவர் ஜனநாயகக் கட்சி, ஒருவர் குடியரசுக் கட்சி, கீழ்ச்சபையில் மசோதா கொண்டுவந்தார்கள். செனட்டில் ஜான் கெர்ரி எடுத்துப் போனார். கார் கம்பெனிகளின் கூட்டமைப்பு எதிர்த்து நிற்காமல் 2010-ல் பார்வையற்றோர் அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி, மசோதாவின் வாசகத்துக்குச் சேர்ந்தே சம்மதம் சொன்னது. 2011 ஜனவரி 4 அன்று ஒபாமா கையெழுத்துப் போட்டார். பாதசாரி பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் என்று பெயர். அதில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: ஓட்டுநரோ நடப்பவரோ எதையும் அழுத்தித்தான் சத்தம் வரவேண்டும் என்றிருக்கக் கூடாது. ஹாரன் மாதிரி ஓட்டுகிறவன் இஷ்டத்துக்கு விடப்படவில்லை.

மூன்று வருடத்தில் விதி வந்திருக்க வேண்டும். வந்தது 2016 டிசம்பரில். அமலுக்கு முதலில் 2019 என்றார்கள், பிறகு 2020 என்றார்கள், கடைசியில் 2021 மார்ச் 1 முதல்தான் எல்லாப் புதிய மின்கார்களும் ஹைப்ரிட்களும் மணிக்கு 30 கி.மீ. வரை சத்தம் எழுப்பியாக வேண்டும் என்று ஆனது. கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவே பத்து வருடம்! ஜப்பான் 2010 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பாவில் 2019 ஜூலையில் புதிய மாடல்களுக்கும் 2021 ஜூலையில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். அங்கே 20 கி.மீ. வேகம் வரை போதும்.

என்ன சத்தம் என்பதிலும் பெரிய பஞ்சாயத்து. பீப் பீப் என்றால் லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல் ஊரே எரிச்சலாகும். எந்தத் திசை என்பதும் காதுக்குச் சரியாகப் பிடிபடாது. அதனால் தொடர்ச்சியான, என்ஜின் மாதிரியான ஒலி. வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏற வேண்டும். வண்டி கிட்டே வருகிறதா, நிற்கப் போகிறதா என்று அதை வைத்துத்தானே கணக்குப் போட முடியும்? கார்க்காரர்கள் விளையாடாமலும் இல்லை. டெஸ்லா, வெளியே உள்ள ஸ்பீக்கரில் விருப்பப்பட்ட சத்தத்தை ஒலிக்கவிடும் வசதியைக் கொடுத்தது. அது எச்சரிக்கை ஒலியை அமுக்கிவிடும் என்று 2022-ல் ஏறத்தாழ 5,78,000 கார்களைத் திருத்த வேண்டியதாயிற்று :-)

கட்டாயம் வருவதற்கு முன் நடந்தவை கொஞ்சம் அல்ல. லண்டன் ஆய்வாளர்கள் 2013 முதல் 2017 வரையான பிரிட்டன் விபத்துகளை எடுத்து 2024-ல் வெளியிட்ட கணக்கில், ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால் மின்கார்களும் ஹைப்ரிட்களும் பாதசாரிகளை மோதியது பெட்ரோல், டீசல் கார்களைப் போல இரண்டு மடங்கு. சத்தம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் அவை பெரும்பாலும் வாயில்லாத கார்கள் ஓடிய வருடங்கள்.

இனி நம் ஊர். 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. மின்சாரக் கார், பஸ், லாரிகளில் புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 முதலும் இந்த எச்சரிக்கை ஒலி கட்டாயம் என்றது அந்த வரைவு. சில மின்கார்களில் அதற்கு முன்பே இது வந்துவிட்டது.

நல்ல விஷயம்தான். ஆனால் நம் தெருவில் சத்தமில்லாமல் வருவது முக்கால்வாசி கார் இல்லையே? பீட்சா கொண்டுவரும் மின் ஸ்கூட்டர், மெட்ரோ வாசலில் வரிசையாக நிற்கும் பேட்டரி ரிக்ஷா. இந்த வரைவில் இருசக்கர வண்டியும் இல்லை, மூன்று சக்கரமும் இல்லை. இ-ரிக்ஷாவின் உச்ச வேகமே விதிப்படி 25 கி.மீ. அதாவது டயர் சத்தம் காட்டிக்கொடுக்கும் வேகத்தை அது எட்டவே எட்டாது. தகரம் கடகடவென்று ஆடுகிறதே, அதுதான் இப்போதைக்குப் பாதுகாப்பு.

இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. ஐ.நா. விதிப்படி 20 கி.மீ. வேகத்தில் வண்டி எழுப்ப வேண்டிய குறைந்தபட்ச ஒலி 56 டெசிபல். நம் நாட்டில் குடியிருப்புப் பகுதியில் பகலில் இருக்கலாம் என்று விதி சொல்லும் மொத்த இரைச்சலே 55 டெசிபல். நடைமுறையில் அது எந்தத் தெருவில் இருக்கிறது? எல்லோரும் ஹாரனில் கை வைத்தபடியே ஓட்டும் ஊரில் இந்த மெல்லிய ரீங்காரம் யார் காதில் விழும்? தேவையில்லாத சத்தம் குறைந்தால்தான் தேவையான சத்தம் கேட்கும். அமெரிக்க விதியை அப்படியே எடுத்துவந்தாலும் நமக்குப் பாதி வேலைதான் முடியும்.

மாமா ஊர் திரும்பும் முன் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். எட்டு மணிக்கு மேல் பூத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு ஆறு மணிக்கே போக ஆரம்பித்திருந்தார். அப்போது ஹாரன் குறைவு, டயர் மண்ணில் நொறுங்குவது கேட்கிறதாம். சொசைட்டி கூட்டத்தில் நான் ஒரு மனு கொடுத்தேன், கேட்டுக்குப் பக்கத்தில் வேகத்தடை வேண்டும் என்று. வேகத்தடை மேல் ஏறி இறங்கினால் எந்தக் காரும் தடதடக்கும் என்று யோசனை சொன்னது மாமாதான். மனு இன்னும் செயலாளர் மேஜையில் இருக்கிறது. அடுத்த குளிருக்கு அவர் வருவதற்குள் போட்டுவிட வேண்டும்.